காலி டன்னரில் தொடங்கிய கசிவு: ஒரு குளோரின் கலன் ஓட்டையானது ஏன்?

பின்னணி

காவிரிக் கரையில் ஒரு தலைமை நீரேற்று நிலையம். ஆற்று நீரை எடுத்து, வடிகட்டி, குளோரின் கலந்து, பல ஊர்களுக்கு அனுப்புகிற இடம். குளோரின் 900 கிலோ டன்னர்களில் வரும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் விட்டமும் கொண்ட இரும்பு உருளைகள் இவை. எப்போதும் படுக்கை வாட்டத்தில்தான் கிடக்கும். ஒரு முனையில் இரண்டு வால்வுகள், இரண்டு முனைகளிலும் சூடேறினால் உருகித் திறக்கும் பிளக்குகள். லைனில் மாட்டும்போது இரண்டு வால்வுகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செங்குத்தாக வரும்படி டன்னரை உருட்டி வைக்க வேண்டும். மேல் வால்வைத் திறந்தால் வாயு வரும், கீழ் வால்வைத் திறந்தால் திரவம் வரும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முழு விசாரணையும் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

ஈரமில்லாத குளோரினைச் சாதாரண இரும்பு நன்றாகவே தாங்கும். உலகம் முழுக்க அது இரும்புக் கலன்களில்தான் போய்வருகிறது. ஆனால் கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகி இரும்பை அரிக்கத் தொடங்கும். அரித்ததில் வரும் ஃபெர்ரிக் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசகசவென்று சேறாகி, தானும் அரிக்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து புதிதாகத் தண்ணீர் வரவேண்டிய அவசியம்கூட இல்லை.

நான் உலோகவியல் படித்தவன். கசிவுக்குப் பிறகு அமைத்த மூவர் குழுவில் ஒருவனாகப் போனேன். மற்ற இருவரில் ஒருவர் குளோரின் ஆலையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் நிலையத்தைச் சேர்ந்த பொறியாளர். ஊர், நிலையம், சப்ளையர், ஆட்கள் என யார் பெயரும் இங்கே இல்லை.

அந்த இரவு

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். இரவு ஷிப்ட் ஆபரேட்டருக்கு ஷெட் பக்கம் லேசான நெடி. குளோரின் ஷெட்டில் நெடி புதிதல்ல, டன்னரை லைனோடு இணைக்கும் பிக்டெயில் என்கிற வளைகுழாயை மாற்றும் நாளெல்லாம் அடிக்கும். ஆனால் அன்று யாரும் எதையும் மாற்றவில்லை. அம்மோனியாவில் பஞ்சை நனைத்துக் கம்பியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கசிவு இருக்கும் இடத்தில் வெண்புகை எழும், பழைய முறை, இன்றும் நம்பகமானது. லைனில் இருந்த டன்னரின் வால்வில் புகை இல்லை. வால்வுத் தண்டைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் நட்டில் இல்லை. பிளக்குகளிலும் இல்லை. பொதுவாகக் கசிவு இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும், அவர் தேடிய வரிசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புகை வந்தது பக்கத்து வரிசையில், இன்னும் மாட்டாமல் காத்திருந்த நிறை டன்னரின் உடலில். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பெயின்ட் கொப்பளித்த இடத்தில், வெள்ளையாகப் பனி படிந்து ஒரு புள்ளி. பனி படிந்திருந்தால் வெளியே வருவது வாயு அல்ல, திரவம். மைனஸ் 34 டிகிரியில் கொதிக்கிற திரவம், ஒரு லிட்டர் வெளியே வந்தால் 450 லிட்டருக்கும் மேல் வாயுவாக விரியும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழும்.

அவர் உதவிப் பொறியாளருக்கும் சப்ளையரின் அவசர எண்ணுக்கும் போன் செய்தார். அதற்குள் உதவிக்கு வந்த இன்னொருவர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து புள்ளியின் மேல் ஊற்றிவிட்டார். பதற்றத்தில் எல்லாருக்கும் கை போகிற இடம் தண்ணீர்தான். குளோரின் கசிவில் செய்யவே கூடாததும் அதுதான். ஊற்றிய நீர் திரவ குளோரினுக்குச் சூட்டைக் கொடுத்து ஆவியாவதை வேகப்படுத்தும், ஓட்டையின் வாயில் அமிலமாகி இரும்பையும் தின்னும். "ஊத்துன கொஞ்ச நேரத்துல சத்தம் மாறிடுச்சுங்க சார். முன்னாடி 'உஸ்'ஸுன்னு இருந்துச்சு, அப்புறம் சீறுச்சு" என்று ஆபரேட்டர் பிறகு சொன்னார்.

சப்ளையர் தரப்பில் போனில் பேசியவர் முதலில் சொன்னது, டன்னரை உருட்டி ஓட்டையை மேலே கொண்டுவரச் சொல்லி. அதே ஓட்டைதான், ஆனால் அடியில் திரவத்துக்கு நேராக இருப்பதற்கும் மேலே வாயுவுக்கு நேராக இருப்பதற்கும் வெளியேறும் எடையில் பெரிய வித்தியாசம். ஒன்றரை டன் எடையைக் கடப்பாரை கொடுத்து உருட்டுவது எளிதல்ல. நிலையத்தில் இருந்த மூச்சுக் கருவிகளில் ஒன்றுதான் வேலை செய்தது. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே போய், மேலே ஓடும் செயின் புல்லியின் உதவியால் உருட்டினார். பனி மறைந்தது, சீறல் குறைந்தது.

காற்று வீசிய பக்கம் இருந்த குடியிருப்பை எழுப்பி, காற்றுக்குக் குறுக்காக மேட்டுப்பக்கம் அனுப்பினார்கள். கண் எரிச்சலோடும் இருமலோடும் சிலர் மருத்துவமனை போனார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அவசரக் குழு வந்து சங்கிலியால் இறுக்கும் ஒட்டுத்தகட்டை ஓட்டையின் மேல் பொருத்தியது. பிறகு மேல் வால்விலிருந்து வாயுவை விடாமல் இழுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் விட்டார்கள். இப்படி இழுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வாயு வெளியேற வெளியேற உள்ளே இருக்கும் திரவம் குளிரும், அழுத்தம் இறங்கும், ஓட்டை வழியே போவதும் தானாகக் குறையும். நிலையத்தின் காஸ்டிக் தொட்டி போதவில்லை. ஒரு கிலோ குளோரினுக்கு ஒரு கிலோவுக்கு மேல் காஸ்டிக் வேண்டும், தொட்டியில் இருந்த கரைசலோ காற்றுப்பட்டுப் பாதி சோடா உப்பாகியிருந்தது. லாரியில் புதுக் கரைசல் வந்த பிறகுதான் வேலை முடிந்தது.

வெட்டுவதற்கு முன்

நாங்கள் போனபோது சப்ளையர் தரப்பு டன்னரின் உள்ளே சோடா நீர் விட்டுக் கழுவத் தயாராக நின்றது. அவர்கள் பார்வையில் அது பாதுகாப்பு. எங்கள் பார்வையில் அது சாட்சியைக் கழுவிவிடுவது. உள்ளே படிந்திருப்பது எல்லாம் நீரில் கரைகிற உப்பு. எங்கே படிந்தது, எவ்வளவு, என்ன நிறம் என்பது தெரியாமல் போனால் மிச்சம் இருப்பது வெறும் ஓட்டை. ஓட்டையை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் உலர்ந்த நைட்ரஜனை ஒரு வால்வில் செலுத்தி, மறு வால்வு வழியே காஸ்டிக்கில் விட்டு, குளோரின் முழுதும் வெளியேறும்வரை பொறுத்திருப்பது என்று முடிவானது. மெதுவான வழிதான். அதற்குப் பிறகு ஒரு வால்வைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தோம்.

வெட்டுவதிலும் ஒரு நிபந்தனை வைத்தோம்: கேஸ் கட்டர் கூடாது. இரும்பு குளோரினில் எரியும். ஏறக்குறைய 250 டிகிரியிலேயே தீப்பிடித்து, குளோரின் தீரும்வரை தானே எரிந்துகொண்டு போகும். சேற்றுக்குள் மாட்டியிருக்கும் மிச்ச குளோரினை நைட்ரஜன் முழுக்கத் துரத்தியிருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் மெதுவாக ஓடும் ரம்பத்தால், சூடேறாமல், தகட்டைத் துண்டாக எடுத்தோம்.

உள்ளே தெரிந்தது

கேமராவில் பெரும்பகுதிச் சுவர் மங்கலான பழுப்பாக, சீராக இருந்தது. ஆரோக்கியமான டன்னரின் உட்புறம் அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு நீளக் கோட்டில் மட்டும் தடித்த பட்டை, கறுப்பும் பழுப்பும் பச்சையும் கலந்து. கிளறினால் மேல் ஓடு நொறுங்கியது, அடியில் ஈரக் களி போல ஒட்டியது. அதைச் சுரண்டி எடுத்து, மூடிய பாட்டிலில் எடை போட்டு வைத்தோம்.

பட்டையை எடுத்தபின் அதன் கீழே பள்ளம். 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், மூன்று விரல் அகலம், ஓரம் மழுங்கிய வாய்க்கால். இந்தக் கோட்டுக்கு வெளியே எங்கே அல்ட்ராசோனிக் கருவி வைத்தாலும் சுவர்த் தடிமன் 10 மில்லிமீட்டரை ஒட்டியே காட்டியது. பள்ளத்தில் அது 7, 5, 3 என்று இறங்கி, ஓர் இடத்தில் இல்லவே இல்லை.

ஓட்டையைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றிப் பார்த்தபோது அது உடுக்கை வடிவில் இருந்தது. உள்ளே அகலம், நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடுப்பு, வெளியே மறுபடி அகலம். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்த ஓட்டை வெளிமுகத்தில் ஊசிமுனையாகத்தான் முடிய வேண்டும். வெளிப்பக்க அகலம் அந்த இரவின் வேலை: கசிந்த குளோரினும் பக்கெட் தண்ணீரும் சேர்ந்து வெளியிலிருந்து உள்நோக்கி அரித்தது. சத்தம் மாறியதாக ஆபரேட்டர் சொன்னது இதோடு பொருந்திப்போனது.

அரித்தது எங்கே, எப்போது

முதலில் இரும்பைச் சந்தேகித்தோம், அது என் வேலை. தகட்டின் வேதிச் சேர்க்கை சரியாக இருந்தது. நுண்ணோக்கியில் வழக்கமான ஃபெரைட்–பெர்லைட் அமைப்பு, தகட்டுக்குள் பிளவுப் படலம் இல்லை, பள்ளத்தின் அடியில் வெடிப்பும் இல்லை. வெல்டிங் தையல் ஓட்டையிலிருந்து தள்ளியே இருந்தது, தையலில் அரிப்பும் இல்லை. வெளிப்புற அரிப்பு என்று சொல்லவும் இடமில்லை, சுற்றிலும் பெயின்ட் நன்றாகவே ஒட்டியிருந்தது. ஆக, உள்ளே ஈரம். அது எப்படி வந்தது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹைட்ரோ டெஸ்ட். நம் நாட்டு விதிப்படி குளோரின் கலன்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சோதனைக்குப் பின் சரியாக உலர்த்தாவிட்டால் நீர் தங்கிவிடும். இன்னொன்று, உபயோகிக்கிற இடத்தில் நீரோ ஈரக்காற்றோ பின்னோக்கி உள்ளே போவது. நிலையத்தார் முதலாவதைச் சொன்னார்கள், சப்ளையர் இரண்டாவதைச் சொன்னார்கள். எதிர்பார்த்ததுதான்.

பதில் பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது. திரவ குளோரின் நீரைவிடக் கனம், ஒரு லிட்டர் 1.4 கிலோ. நிறை டன்னரில் நீர் இருந்தால் அது அடியில் தங்காது, குளோரினின் மேல் மிதக்கும். அப்படியானால் அரிப்பு திரவ மட்டத்தை ஒட்டி, சுவரின் இரண்டு பக்கமும் உயரத்தில் கோடு போட்டிருக்க வேண்டும். அடியில் பள்ளம் விழ வேண்டுமென்றால் டன்னர் காலியாக இருந்திருக்க வேண்டும். இந்த டன்னரில் மட்டக்கோடு எங்கேயும் இல்லை. ஹைட்ரோ டெஸ்ட் முடிந்து அதற்குள் சில தடவை நிறைந்து காலியாகியிருந்தது. சோதனை நீர் மிச்சம் இருந்திருந்தால் முதல் நிறைப்பிலேயே மேலே மிதந்து தடயம் விட்டிருக்கும்.

சரி, காலியாக இருந்தபோது எங்கே கிடந்தது? பள்ளம் வால்வுகளின் நேர்கோட்டில், அச்சுப் பிசகாமல், ஒரு வால்வுக்கு நேர் கீழே ஓடியது. வால்வுகள் செங்குத்தாக நிற்கும்படி டன்னரை வைத்தால் மட்டுமே அந்தக் கோடு அடிக்கோடாக அமையும். சப்ளையரின் முற்றத்தில் டன்னர்கள் தண்டவாளத்தில் எந்தப் பக்கமாகவும் உருண்டு கிடக்கும், லாரியிலும் அப்படித்தான். வால்வைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பது லைனில் மாட்டுகிற இடத்தில் மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனித்தோம். பள்ளம் வால்வு முனைப்பக்கம் ஆழமாகவும், மறுமுனைக்குப் போகப் போக மேலோட்டமாகவும் இருந்தது. நிலையத்தின் ரோலர் ஸ்டாண்டுகளில் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். ஜன்னல் பக்கம் இருந்த ஸ்டாண்டில் தரை அமிழ்ந்து, வால்வு முனை மறுமுனையைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. நீர் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். மற்ற ஸ்டாண்டுகள் மட்டமாக இருந்தன.

பதிவேடு

டன்னருக்கெல்லாம் எண் உண்டு. சப்ளையரின் பதிவேட்டில் இந்த எண்ணைத் தேடினால், முந்தைய சுற்றில் அது போன இடம் இதே நிலையம். மாசியில் காலியானது, ஆனியில்தான் திரும்பிப் போயிருக்கிறது. ஆவணி கடைசியில் மறுபடி நிரப்பப்பட்டு, புரட்டாசியில் இங்கேயே வந்திருக்கிறது.

காலியான டன்னர் நான்கு மாதம் ஏன் கிடந்தது? ஒப்பந்தப்படி நிறை டன்னர் இறக்கும் லாரிதான் காலியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சமயம் பில் பாக்கி, புது டெண்டர் தாமதம், லாரி வரவில்லை. வேறோர் இடத்திலிருந்து அவசரத்துக்குச் சிறு சிலிண்டர்கள் வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். தேவைப்படாத ஜன்னல் பக்க ஸ்டாண்டிலேயே டன்னர் அப்படியே இருந்தது.

மூடி மாட்டினார்களா, வால்வை இறுக்கினார்களா என்று கேட்டோம். ஆபரேட்டர் மறைக்கவில்லை. "காலி டன்னர்தானுங்களே சார்" என்றார். வால்வு வாயில் மாட்ட வேண்டிய கேப் நட் வேறெங்கோ போய்விட்டது. பிக்டெயில் கொஞ்ச நாள் மாட்டியபடியே இருந்திருக்கிறது. அந்தச் சமயம் ஒருநாள் மின்தடையில் பம்ப் நின்றபோது குளோரினை அளவாக நீரில் கலக்கும் குளோரினேட்டரில், வாயு ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டர் கண்ணாடியில் தண்ணீர் ஏறியதாக ஷிப்ட் நோட்டில் ஒற்றை வரி இருந்தது. கீழே யாரோ 'சரி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். எது சரி செய்யப்பட்டது என்று இல்லை.

அந்த ஒற்றை வரிதான் மிச்சக் கதையையும் சொன்னது. வேக்கம் குளோரினேட்டரில் ஓடும் நீர்தான் இன்ஜெக்டரில் வெற்றிடத்தை உண்டாக்கிக் குளோரினை இழுக்கிறது. டன்னரில் அழுத்தம் தீர்ந்ததும் ரெகுலேட்டர் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதன் இருக்கையில், அதாவது மூடி வந்து அமரும் விளிம்பில், அழுக்குப் படிந்து சரியாக மூடாவிட்டால் டன்னருக்குள்ளும் வெற்றிடம் ஏறும். அந்த நிலையில் பம்ப் நின்று, இன்ஜெக்டரின் பின்னோட்டத் தடுப்பு வால்வும் கைவிட்டால், குழாயில் நிற்கும் நீர் டன்னரை நோக்கிப் போகும். ரெகுலேட்டரையும் தடுப்பு வால்வையும் பிரித்துப் பார்த்தோம். முதலாவதின் இருக்கையில் பழுப்புப் படிவு, இரண்டாவதின் டயஃப்ரம் என்கிற மெல்லிய தடுப்புச் சவ்வின் ஓரத்தில் கிழிசல்.

ஈரக்காற்று மட்டுமே இதைச் செய்திருக்குமா என்றும் கணக்குப் போட்டோம். டன்னரின் கொள்ளளவு ஏறக்குறைய 750 லிட்டர். பகல்–இரவு வெப்ப மாற்றத்தில் அது திறந்த வால்வு வழியே மூச்சுவிடுவதாக வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் ஈரம் உள்ளே போகும். நான்கு மாதத்தில் நூற்றுச் சொச்சம் கிராம். எடுத்த சேற்றில் இருந்த நீரோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே முதல் காரணம் பின்னோட்ட நீர். மூடியில்லாத வால்வு அதற்குத் துணை.

எடை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத நினைத்தேன். சப்ளையர் ஆலையில் திரும்பி வந்த டன்னரை எடை போட்டிருக்கிறார்கள், பதிவும் இருக்கிறது. விதிப்படி, பொறித்த வெற்று எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கலனைக் கழித்துவிட வேண்டும். நல்ல விதி. ஆனால் இந்த இடத்தில் அது குருடு.

டன்னரின் வெற்று எடை சுமார் 650 கிலோ. 5 சதவீதம் என்றால் 32 கிலோ இரும்பு. எங்கள் பள்ளத்தில் காணாமல் போன இரும்பைக் கணக்கிட்டால் முக்கால் கிலோகூட வரவில்லை. அதாவது டன்னரை ஓட்டை போட, மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போனால் போதும். உட்சுவர் முழுக்கச் சீராகத் தேய்கிற கலனுக்குத்தான் எடைச் சோதனை உதவும்.

அதுமட்டுமல்ல. அரித்த இரும்பு வெளியே எங்கே போகும்? குளோரைடாகி உள்ளேயே கிடக்கிறது. கூடவே அது மிச்ச வாயுவிலிருந்து பிடித்த குளோரினும், உறிஞ்சிய நீரும். 'காலி' டன்னரில் எஞ்சி நிற்கிற வாயுவே இரண்டு கிலோவுக்கு மேல் வரும், இந்தப் பள்ளத்தைத் தோண்ட அதுவே போதும். ஆகவே டன்னரின் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது. பதிவேட்டில் வெற்று எடையைவிட மூன்று கிலோ கூடுதல் என்று இருந்தது. எடை போட்டவர் அதை 'மிச்ச குளோரின்' என்று எழுதினார். எந்த ஆலையிலும் எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். கேஜில் அழுத்தம் ஏறக்குறைய சுழி என்பதையும் அந்த மூன்று கிலோவையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும். கேஜ் சுழி காட்டும்போது உள்ளே நிற்கும் வாயு இரண்டு கிலோவை ஒட்டித்தான் வரும், மூன்று கிலோ எங்கே ஒளிந்திருக்க முடியும்?

ஹைட்ரோ டெஸ்ட் தேதியும் செல்லுபடியில்தான் இருந்தது. டெஸ்ட் நடந்தபோது பள்ளமே இல்லை. பள்ளம் பாதி இருந்தபோது டெஸ்ட் செய்திருந்தாலும் தேறியிருக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டு மில்லிமீட்டர் மிச்சமிருக்கிற சிறு இடம், சுற்றிலும் 10 மில்லிமீட்டர் தகடு தாங்கிப் பிடிக்கும்போது, சோதனை அழுத்தத்தைத் தாங்கிவிடும்.

வினைபுரியும் வாயுக்களில் இப்படி வழக்கமான சோதனைகளை ஏமாற்றுகிற வழிகள் நிறைய. ஈரமில்லாத ஹைட்ரஜன் ஃபுளோரைடு இரும்புக் குப்பிகளில் இன்னொரு விதமாக வேலை காட்டும். இரும்போடு மெல்ல மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். ஆய்வகங்களில் 14 முதல் 24 ஆண்டு வரை அலமாரியில் கிடந்த சிறு குப்பிகள் தாமாகவே வெடித்திருக்கின்றன. அங்கே சுவர் தேய்வது அற்பம், எடையில் மாற்றமே தெரியாது, உள்ளே அழுத்தம் மட்டும் வருடக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

எடுத்த முடிவுகள்

அறிக்கையில் பொறுப்பை இரண்டு தரப்புக்கும் பிரித்தோம். நீரை உள்ளே விட்டது நிலையம், சேற்றோடு நிரப்பியது ஆலை. இதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை, ஆனால் இரண்டு தரப்புமே அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லிக் கேட்டன.

நிலையத்தில் உடனே மாறியவை சின்ன விஷயங்கள். டன்னரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது. கேஜில் சிறிது அழுத்தம் இருக்கும்போதே வால்வை மூட வேண்டும். கழற்றிய நிமிடமே கேப் நட், அப்புறம் மேல் கவசம். அவை ஷெட்டுக்குள் சங்கிலியால் கட்டியே கிடக்கும்படி செய்தார்கள். தொலைவதற்கு வழியில்லை என்பதால் இது வேலை செய்தது. இன்ஜெக்டரின் டயஃப்ரத்தையும் ரெகுலேட்டர் இருக்கையையும் குறித்த காலத்தில் மாற்றும் பழக்கம் வந்தது. ரோட்டாமீட்டரில் ஈரம் தெரிந்தால் அப்போது லைனில் இருந்த டன்னரின் எண்ணை நோட்டில் எழுதி, டன்னரில் சிவப்பு அட்டை கட்டி, சப்ளையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கள் பரிந்துரைகளில் முக்கியமானது இதுதான் என்பேன். ஏனென்றால் நீர் போனதை அறிந்த ஒரே ஆள் அன்றைய ஆபரேட்டர். ஆலைக்கு அதைத் தெரிவிக்க அவரிடம் வழியே இருக்கவில்லை.

மூச்சுக் கருவிகள் நான்காயின. 'கசிவில் தண்ணீர் ஊற்றாதே' என்ற பலகை ஏற்கெனவே இருந்தது, ஆனால் உள்சுவரில். அதை வாசலுக்கு வெளியே, பக்கெட் தொங்கும் ஆணிக்கு மேலேயே மாட்டச் சொன்னோம்.

ஆலைத் தரப்பில், திரும்பி வரும் ஒவ்வொரு டன்னரிலும் வால்வுக் கோட்டின் இரண்டு அடிப்பக்கங்களிலும் அல்ட்ராசோனிக் தடிமன் பார்க்கச் சொன்னோம். முழு உடலையும் அளக்கத் தேவையில்லை. நீர் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்துவிட்டதால் இரண்டே கோடுகள் போதும். எடை கூடியிருந்து, கேஜில் அழுத்தம் இல்லாமல் இருந்தால் வால்வைக் கழற்றிக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் கழித்துத் திரும்பும் டன்னருக்குக் கேமரா கட்டாயம்.

பிறகு நடந்தது

புது முறையில் அளந்தபோது, வெவ்வேறு வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பிய டன்னர்களில் சிலவற்றில் அதே அடிக்கோட்டில் பள்ளம் தொடங்கியிருந்ததை ஆலை கண்டுபிடித்தது. எதுவும் ஓட்டையாகும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் இடம் ஒன்றுதான். எங்கள் நிலையம் மட்டும் தவறு செய்த இடம் இல்லை என்று அப்போதுதான் ஆலைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆலையே செலவை ஏற்றுத் தன் வாடிக்கையாளர் ஊர்களுக்கு ஆள் அனுப்பி, ரெகுலேட்டர்களைச் சோதித்தது.

கேட்பாரற்றுக் கிடக்கும் கலன்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. 2010 ஜூலையில் மும்பை சேவ்ரியில், துறைமுகத்துக்குச் சொந்தமான இடத்தில் வருடக்கணக்காக யாரும் எடுக்காமல் விட்ட பழைய குளோரின் சிலிண்டர்கள் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அளவு வேறு, சூழல் வேறு. ஆனால் பொருளின் கணக்கு முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்த பின்னும் கலனுக்குள் வேதியியல் ஓடிக்கொண்டிருந்தது என்பது இரண்டுக்கும் பொது.

இதே விசாரணையை இன்று மறுபடி செய்வதானால் ஒன்றை மாற்றுவேன். சேற்றில் உள்ள நீரின் அளவை ஆய்வகத்தில் பார்க்க நாங்கள் பாட்டிலைச் சாதாரணமாக மூடி அனுப்பினோம். ஃபெர்ரிக் குளோரைடு போகிற வழியிலேயே காற்றிலிருந்து ஈரம் இழுத்திருக்கும். பின்னோட்ட நீர்தான் முதல் காரணம் என்ற முடிவு மற்ற சாட்சிகளாலும் நிற்கிறது. ஆனால் எண்ணிக்கையில் வாதாட வேண்டியிருந்தால் அந்த இடத்தில் சப்ளையரின் வக்கீல் எங்களை மடக்கியிருப்பார். நைட்ரஜன் நிரப்பிய பையில் வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

தீராமல் நிற்பது ஒப்பந்தம். காலி டன்னரைக் குறித்த நாளுக்குள் எடுத்தே ஆக வேண்டும், நிறை டன்னர் லாரிக்காகக் காத்திருக்கக் கூடாது என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தோம். போக்குவரத்துச் செலவு யார் தலையில் என்பதில் அது நிற்கிறது. அதுவரை, ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் காலி டன்னர்களின் எண்களை நிலையம் மாதாமாதம் சப்ளையருக்குக் கடிதமாக அனுப்புகிறது.